தகப்பனுக்குக் கட்டம் இல்லை

உங்கள் மகளுக்கு நாளைக்கு என்ன நோய் வரும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்றால், யாரிடம் போய்க் கேட்பீர்கள்? டாக்டரிடமா, சொந்தக்காரர்களிடமா?

பனையடிப்பட்டியில் கிளைப் பதிவைக் கேட்டார்கள். அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளை உண்டு. அது தாயிடமிருந்து வரும். தகப்பன் வீடு கொடுப்பான், காடு கொடுப்பான், பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஓர் எழுத்தும் கொடுப்பான். கிளை மட்டும் அவன் கையில் இல்லை. புன்னைக் கிளைக்காரி பெற்றதெல்லாம் புன்னை, நொச்சிக் கிளைக்காரி பெற்றதெல்லாம் நொச்சி. ஒரே கிளைக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் கணக்கு.

நொச்சிக் கிளைப் பெண்கள் முப்பது, நாற்பது வயதில் மார்பில் கட்டி வந்து செத்தார்கள். எல்லோரும் அல்ல. ஆனால் ஊர் கவனித்துக் கை நீட்டும் அளவுக்குச் செத்தார்கள். முதலில் சாபம் என்று பேச்சு இருந்தது. பிறகு ரத்தத்தைப் பரிசோதித்தவர்கள் வந்து, சாபமெல்லாம் இல்லை, மரபணுவில் ஓர் இடத்தில் பழுது இருக்கிறது, அது பரம்பரையாக வருகிறது என்றார்கள். ஊருக்கு வசதியாகப் போயிற்று. பரம்பரை என்றால் கிளைதானே. அன்றிலிருந்து அதற்கு நொச்சி நோய் என்றே பெயர் நின்றுவிட்டது.

அப்புறம் திருத்து ஊசி வந்தது. இருபத்தைந்து வயது முடிவதற்குள் ஒரே ஒரு முறை போட்டுக்கொண்டால் போதும், மார்பில் அந்தப் பழுது சரியாகிவிடும். அதற்கு மேல் வயதானால் பிடிக்காது. ஊசி கொஞ்சமாகத்தான் வந்தது. யாருக்கு முதலில் போடுவது என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. அந்தந்தச் சமூகத்துச் சங்கமே தன் நோய்க் குடும்பங்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டது. எச்சில் பட்டையும் அப்படித்தான். நாக்கில் வைத்து எடுத்தால் பத்து நிமிஷத்தில் பழுது உண்டா இல்லையா என்று சொல்லிவிடும், ஆனால் அது இருக்கும் பெட்டி, பட்டியலில் உள்ளவரின் விரலுக்குத்தான் திறக்கும். வெளியே பரிசோதிக்கத் தடை. தடைக்கும் காரணம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் குடித்த டம்ளரை மடியில் மறைத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

பட்டியலைச் சங்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். அத்தனையும் நொச்சி. அதோடு நொச்சிப் பெண்களை மற்றவர்கள் எடுப்பது நின்றது. நொச்சி வீட்டுக்குப் பெண் கொடுக்கவும் தயங்கினார்கள். சுவர் ஓர் ஊசி கொடுத்து ஒரு வாழ்க்கையைப் பிடுங்கிக்கொண்டது.

வெள்ளத்தாய் நொச்சி. ஊர்க்காடு முழுக்கச் சூரியத் தகடுகள் விரித்த பிறகு, அவற்றைக் கழுவித் துடைக்கும் பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. பேனல்காரி என்பார்கள். அவள் அம்மா நாற்பத்தொரு வயதில் போனாள். அக்கா முப்பத்தாறில். ஊசி வந்தபோது வெள்ளத்தாய்க்கு வயது கடந்திருந்தது. பட்டை பழுது உண்டு என்றது. இரண்டு மார்பையும் எடுத்துவிட்டார்கள். புருஷன் அதற்கு முன்பே ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். இருந்த ஒரே மகன் கோட்டைச்சாமி, பேனல் கழுவத் தண்ணீர் கொண்டுவரும் லாரியை ஓட்டினான். இருபத்தொன்பது வயது. அவனும் நொச்சி, அதனால் கல்யாணம் ஆகவில்லை.

அவளுக்கு ஓர் அண்ணன், ஊர்க்காவலன். அவரும் நொச்சிதான், ஆனால் ஆம்பளை. அவர் கட்டியிருந்தது புன்னைக் கிளைக் கனகமணியை. அவர்களுக்கு ஒரே மகள், நித்திலா. தாய் புன்னை, ஆகவே மகள் புன்னை. முறைப்படி அத்தை மகன் கோட்டைச்சாமிக்கு அவளைக் கேட்டு மூன்று வருஷத்துக்கு முன் வெள்ளத்தாய் தாம்பூலத் தட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கனகமணி தட்டைத் தொடவில்லை. நொச்சியிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்தது ஒன்று போதும் என்று புருஷனைக் காட்டிச் சொல்லிவிட்டாள். இப்போது தன் அண்ணன் மகனுக்கே நித்திலாவை நிச்சயம் செய்திருந்தாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நித்திலாவுக்கு இருபத்தைந்து முடிய ஒன்பது நாள் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளத்தாய் வருஷப் பரிசோதனைக்குத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி முகாம் நடத்த வந்திருந்த டாக்டரம்மா இந்தப் பக்கத்துக்குப் புதுசு. பேச்சுவாக்கில் வீட்டில் வேறு யார் யார் என்று கேட்டாள். அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், ஆண்டவன் புண்ணியத்தில் அவர் குடும்பத்துக்கு இது இல்லை, அவர் மகள் தாயோட கிளை என்று வெள்ளத்தாய் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு யாரோட கிளையா வேணா இருக்கட்டும்மா. அப்பா உங்க அண்ணன்தானே?"

"ஆமா."

"மரபணு ரெண்டு ரெண்டா இருக்கும். அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. உங்க அம்மா தன்கிட்ட இருந்த பழுதை உங்களுக்குக் குடுத்த மாதிரி உங்க அண்ணனுக்கும் குடுத்திருக்கலாம். அவர்கிட்ட அது இருந்தா மகளுக்குப் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆம்பளைங்கிறதால அது நடுவுல நின்னுடாது."

வெள்ளத்தாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்படியென்றால் மற்ற கிளைகளிலும் பெண்கள் செத்திருக்க வேண்டுமே என்று மடக்கினாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முகங்கள் ஞாபகம் வந்தன. கீழத்தெருப் புன்னைக்காரி ஒருத்தி, மஞ்சக்காமாலை என்றார்கள். வாகைக் கிளையில் ஒருத்தி, ரத்தச்சோகை என்றார்கள். இரண்டு வீட்டிலும் கடைசி மாதங்களில் யாரையும் உள்ளே விடவில்லை. ஊதுபத்திப் புகை வாசல் வரைக்கும் வந்தது. இரண்டு பேருக்கும் தகப்பன் நொச்சி.

இது உங்களுக்கெல்லாம் தெரியுந்தானே, பிறகு ஏன் பட்டியலில் அந்தப் பெண்கள் இல்லை என்று கேட்டாள். டாக்டரம்மா மேஜை மேல் கிடந்த படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். பெயர், வயது, தாயின் பெயர், தாயின் கிளை. தகப்பனுக்குக் கட்டமே இல்லை. மேலே மூன்று தடவை எழுதிப் போட்டேன், படிவத்தைச் சங்கங்கள் கேட்டபடி அச்சடித்தாயிற்று என்று பதில் வந்தது என்றாள். முதலில் அண்ணனைக் கூட்டி வரச் சொன்னாள். அவர் நொச்சி, பெட்டி அவர் விரலுக்குத் திறக்கும்.

அன்று சாயங்காலமே வெள்ளத்தாய் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் பந்தல்காரன் அளவெடுத்துக்கொண்டிருந்தான். கனகமணி அவளை வா என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. பந்தல்காரனுக்கு மோர் வந்தது. வெள்ளத்தாய்க்குக் காகித டம்ளரில் தண்ணீர் வந்தது. நொச்சிப் பெண்களுக்கு ஊரில் எல்லா வீட்டிலும் காகித டம்ளர்தான், குடித்ததும் கசக்கிக் குப்பையில் போட்டுவிடலாம். அவள் அதைத் தொடாமல், பந்தல்காரன் போகும் வரை நின்றாள். பிறகு டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஊர்க்காவலன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நித்திலா அறை வாசலில் நின்றாள்.

கனகமணி முழுசும் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"மூணு வருசமா வயித்துல வச்சிருந்தியாக்கும் இதை. ஒம்மகனுக்குக் கேட்டே, குடுக்கல. இப்பம் கல்யாணத்தை நிப்பாட்டிட்டு, சீக்குக்காரி, வேற எவன் கட்டுவான், எம்மவனுக்கே குடுன்னு வருவே. நான் பாத்திருக்கேன் ஒன்னைய மாதிரி எத்தன பேரை."

"மதினி, எம்மவனை விடுங்க. பிள்ளைக்கு ஒம்போது நாளுதான் இருக்கு."

"எம்பிள்ளை புன்னை. புன்னையில ஒருத்தியும் இதுல சாகல."

கீழத்தெருக்காரியின் பெயரை வெள்ளத்தாய் சொன்னாள். அது மஞ்சக்காமாலை என்றாள் கனகமணி. சொல்லும்போது குரல் இறங்கியது. கிட்டே வந்தாள்.

"கேட்டுக்க. நோய் வந்தா என்னைக்கோ ஒரு நாளு சாவா. நொச்சின்னு பேரு வந்தா தினமும் சாவா. ஒனக்குத் தெரியாதா அது? நீ தினம் சாகுதது எனக்குத் தெரியுது. எம்மவ அப்பிடிக் காகித டம்ளர்ல குடிக்க வேண்டாம்."

அதில் உண்மை இருந்தது. வெள்ளத்தாய் அண்ணனைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. வெளியே வந்தபோது கனகமணி அவள் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மறுநாள் பதினொரு மணிக்கு ஊர்க்காவலன் தாலுகா ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. வெள்ளத்தாய் பேனல் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போவதற்குள் பட்டை சொல்லிவிட்டது. இரண்டு கோடு. பழுது உண்டு. ஐம்பத்தாறு வயது மனுஷர், சின்னப் பிள்ளை மாதிரி அந்தப் பட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா செத்தபோது கொள்ளி வைத்தவர் அவர்தான். அக்கா சாகும்போது தூக்கிப் பிடித்திருந்தவரும் அவர்தான். இது பொம்பளைகள் சமாச்சாரம் என்று அவ்வளவு நாளும் நிம்மதியாக இருந்துவிட்டதாக அவர் சொன்னார்.

நித்திலா அதற்கு மறுநாள் பேனல் காட்டுக்கு வந்தாள். நடு மத்தியானம். தகடுகளின் நிழலில் வெள்ளத்தாய் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். நித்திலா உட்காரவில்லை.

"அப்பா பேச மாட்டேங்காக. அம்மா ஒங்கள ஏசிக்கிட்டே இருக்கா. நான் யாரை நம்ப?"

யாரையும் நம்ப வேண்டாம், பரிசோதித்துப் பார்த்துக்கொள் என்றாள் வெள்ளத்தாய்.

"அத்தே, எனக்கு ஒங்க மேல நம்பிக்கை இல்ல. சின்னதுல இருந்தே இல்ல. எங்கிட்ட காட்டுங்க."

எதை என்று வெள்ளத்தாய் கேட்கவில்லை. சேலைத் தலைப்பைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டாள், ரவிக்கை ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நித்திலா பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தையல் போட்ட இடம் வெயில் படாத நிறத்தில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வரப்பு போல் மேடிட்டுக் கிடந்தது. பெரியத்தைக்கும் இப்படித்தானா என்று நித்திலா கேட்டாள். அவளுக்கு எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்றாள் வெள்ளத்தாய். பிறகு ஊக்குகளைப் போட்டுக்கொண்டாள். நித்திலா போகும்போது, நாளைக்குச் சங்கத்துக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள். முகத்தில் கொஞ்சமும் இளக்கம் இல்லை.

சங்கத்துச் செயலாளர் வெள்ளைச் சட்டைக்காரர், சாந்தமாகப் பேசுகிறவர். ஆளைக் குத்துவதற்கும் அதே சாந்தம்தான். இரண்டு பேரையும் உட்கார வைத்து முழுக்கதையும் கேட்டார். ஊர்க்காவலனின் பட்டைச் சீட்டையும் பார்த்தார். அவர் நொச்சி, அதில் ஆச்சரியமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். இந்தப் பெண் புன்னை. புன்னையைப் பட்டியலில் ஏற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு புன்னையை ஏற்றினால் புன்னை முழுவதும் நோய்க் கிளை ஆகிவிடும், நாளைக்கு வாகையும் அப்படியே ஆகிவிடும், ஊரில் யாருக்கும் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று விளக்கினார். அப்போது நித்திலா வாய் திறந்தாள். வேறு வழியே இல்லையா என்று கேட்டாள்.

இருக்கிறது என்றார் செயலாளர். தத்து. நொச்சிக்காரி ஒருத்தி தத்து எடுத்தால் பிள்ளை நொச்சி. பதினெட்டு தாண்டிய பிள்ளையென்றால் அதன் சம்மதமும், பெற்றவர்களில் ஒருவர் கையெழுத்தும் போதும். பதிவானதும் பெட்டி திறக்கும். ஆனால் யோசித்துச் செய்ய வேண்டும், தத்துப் பதிவு ஓர் ஆளுக்கு ஒரே தடவைதான், பிறகு மாற்ற முடியாது, மோசடி நடக்கக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு வெள்ளத்தாயைப் பார்த்து, அதே சாந்தத்தோடு சேர்த்துக்கொண்டார்.

"நீ எடுத்தேன்னு வையி, ஒம்மவன் கோட்டைச்சாமி இவளுக்கு அண்ணன் ஆயிருவான். அது தெரியும்லா?"

வெள்ளத்தாய் அதை யோசித்திருக்கவே இல்லை. கல்யாணம் நிற்கும், கனகமணி சண்டைக்கு வருவாள், அதெல்லாம் யோசித்திருந்தாள். இதை யோசிக்கவில்லை. நித்திலாவும் யோசித்திருக்கவில்லை போலிருக்கிறது. அவள் கை நாற்காலிப் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைச்சாமியிடம் சொன்னாள். அவன் லாரி டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லி முடிக்கிற வரை அவன் கருவியை டயரிலிருந்து எடுக்கவே இல்லை.

நான்கு நாளாக அவன் வேறு ஒன்று நினைத்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கல்யாணம் நிற்கும், ஊர் அவளை ஒதுக்கும், அப்போது அத்தை மகன் இருக்கிறேன் என்று போய் நிற்கலாம் என்று நினைத்திருந்தான். கனகமணி சொன்னது அவன் விஷயத்தில் உண்மைதான். போன மாதம் டவுன் பஸ் ஸ்டாண்டில் நித்திலாவைப் பார்த்தானாம். அவள் அம்மா பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்கு அவள் உதட்டைப் பிதுக்கினாளாம். அவ்வளவுதான் நடந்தது. அந்த உதட்டுப் பிதுக்கலை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வண்டி ஓட்டியிருக்கிறான்.

"எம்மா, ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா? ஊர்ல நொச்சிக்காரி நீ ஒருத்திதானா? வேற எவளாச்சும் தத்து எடுக்கட்டும்."

வேறு எந்த நொச்சிக்காரி எடுத்தாலும் அவள் நொச்சிதான், அப்போதும் அவன் அண்ணன்தான் என்று வெள்ளத்தாய் சொன்னாள். அவனுக்கு அது தெரியாமல் இல்லை.

"அப்பம் எனக்கு என்ன இருக்கு?"

பாதிக்குப் பாதி என்பதை மட்டும் திரும்பச் சொன்னாள். அவன் எழுந்து லாரியின் பக்கவாட்டுத் தகரத்தை ஓங்கி உதைத்தான். இரண்டு தடவை. தகரம் உள்ளே போயிற்று. பிறகு, ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும், வண்டி எடுக்கிறேன் என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அன்று அவள் வைத்த சோறு அப்படியே இருந்தது.

பதிவு நாளில் தெருவே சங்கத்து வாசலில் நின்றது. கனகமணியும் அவள் அண்ணனும் முன்னால் நின்றார்கள். மாப்பிள்ளைப் பையன் வரவில்லை. நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தை நித்திலா கழற்றித் தாய்மாமன் கையில் கொடுத்தாள். அவர் அதைத் துண்டால் துடைத்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர், நொச்சிக்குப் போகிற கழுதைக்கு முதலில் ஊசியைத் தலையில் போடுங்கள் என்றார். சிரித்தார்கள். வெள்ளத்தாய் மீது யாரோ ஒரு கசக்கிய காகித டம்ளரை எறிந்தார்கள்.

செயலாளர் விரல்ரேகைப் பலகையை ஊர்க்காவலன் முன்னால் நீட்டினார். கனகமணி புருஷன் காதோடு அல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இதுல கைய வச்சீங்கன்னா எம்பிள்ளையைக் கொன்னதாத்தான் கணக்கு. அப்புறம் என் வீட்டு வாசல மிதிக்காதீங்க."

ஊர்க்காவலன் முப்பது வருஷத்தில் பெண்டாட்டியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. விரலைப் பலகையில் வைத்தார், எடுத்தார். நித்திலா வைத்தாள். கடைசியாக வெள்ளத்தாய். திரையில் நித்திலாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புன்னை போய் நொச்சி வந்தது. தாயின் பெயர் இருந்த இடத்தில் வெள்ளத்தாய் என்று வந்தது. கனகமணி அதைப் பார்த்ததும் புழுதியில் உட்கார்ந்தாள். அந்த ஒரு நிமிஷம் வெள்ளத்தாய்க்கு அவளைத் தூக்கிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் தொட்டால் கடித்துவிடுவாள் என்றும் தெரிந்தது.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். லாரி முன்னிருக்கையில் நாலு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெட்டி நித்திலாவின் விரலுக்குத் திறந்தது. பட்டையை நாக்கில் வைத்து எடுத்தாள். டாக்டரம்மா ஊசியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தயாராக வைத்தாள். ஊர்க்காவலன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பத்து நிமிஷம் ஆயிற்று.

ஒரு கோடுதான் வந்தது.

டாக்டரம்மா இன்னொரு பட்டை எடுத்தாள். அதிலும் ஒரு கோடு. ஊசியைத் திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைத்தாள்.

"இவளுக்கு இல்லம்மா. அப்பாகிட்ட இருந்த நல்லதுதான் இவளுக்கு வந்திருக்கு. ஊசி தேவையில்லை."

ஊர்க்காவலன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். கோட்டைச்சாமி வெளியே போய் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். நித்திலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். அப்படியானால் பதிவை மாற்றிவிடலாமா? டாக்டரம்மா செயலாளருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். நோய் இல்லை என்பது சந்தோஷம். ஆனால் தத்து தத்துதான். ஏற்கெனவே சொன்னோமே.

செய்தி அவர்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. லாரி தெருவுக்குள் நுழையும்போது கனகமணி நடுத் தெருவில் நின்றாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை.

"புன்னை வயித்துல அது தங்காதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா. கிளை பொய் சொல்லுமா? எம்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாத பிள்ளையைச் சீக்குக்காரியாக்கிட்டியேடி பாவி."

தெரு ஆமாம் போட்டது. கிளை பொய் சொல்லாது. நொச்சி ஆண்களுக்குப் பிறந்த பெண்கள் வேறு தெருக்களில் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருடைய தகப்பன்மார் முந்தின நாள்தான் வெள்ளத்தாயிடம் வந்து, எப்படிப் பதிவது என்று விசாரித்திருந்தார்கள். இப்போது அந்த இரண்டு பேரும் கனகமணிக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்கள். வெள்ளத்தாய் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. பாதிக்குப் பாதி என்பதை அந்தத் தெருவில் இனி யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளத்தாய் வீட்டுக்குள் போனதும் நித்திலா கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் மேல் சாய்ந்து நின்று வெள்ளத்தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வை கனகமணியின் பார்வை.

"ஒங்களால எனக்கு அம்மா இல்ல, வீடு இல்ல. கடைசில ஒரு கோடு. இதுக்குத்தானா?"

வெள்ளத்தாய் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பொய்யாகியிருக்கும்.

"எங்க அக்காவுக்கும் இதே பாதிக்குப் பாதிதான் தாயி. அவ மத்தப் பாதியில விழுந்தா. முன்னாடியே யாருக்குத் தெரியும்?"

நித்திலா அத்தை என்று கூப்பிடவில்லை. அம்மா என்றும் கூப்பிடவில்லை. அப்பா ஊர்க்காவலன் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார், எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாத ஆளாக.

மறுநாள் காலை நித்திலா பேனல் கழுவும் வேலைக்குப் போனாள். கோட்டைச்சாமிதான் லாரியில் கூட்டிப் போனான். புது ஆள் என்பதால் வாசலில் காவல்காரர் நிறுத்தி, பெயரைக் குறித்துக்கொண்டு, உனக்கு என்ன உறவு என்று அவனிடம் கேட்டார். தங்கச்சி என்றான். அவர் எழுதிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.